மஞ்சள் கரிசலாங்கண்ணி: இனம் கண்டு நட்டுக் கீரையாக்கிக் கொள்ளும் முறை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாற்றுப்பண்ணையில் மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று சீட்டு ஒட்டி வைத்திருந்த செடியை வாங்கி வந்து, கொல்லையில் கிணற்றடிக்குப் பக்கத்தில் நட்டேன். ஒரே மழைக்காலத்தில் அது தரையெல்லாம் படர்ந்து, மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் குலுங்கியது. இரண்டொரு முறை பாசிப்பருப்போடு சேர்த்துக் கடைந்தும் சாப்பிட்டோம். அடுத்த பொங்கலுக்கு வந்த என் பெரியம்மா, கொல்லையில் நின்றபடி ஓர் இலையைக் கிள்ளிக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, “இது வழவழன்னு இருக்கேடா, பொற்றலைக் கையான் சொரசொரன்னுல்ல இருக்கும்” என்றார். அவர் சொன்னதுதான் சரி. நான் வளர்த்துக் கொண்டிருந்தது அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து அழகுக்காகக் கொண்டு வரப்பட்ட வேறொரு கொடி. அதனால்தான் இந்தச் செடியை வளர்க்க விரும்புகிறவர்களுக்கு மண்ணையும் தொட்டியையும் பற்றிச் சொல்வதற்கு முன்பாக, அதை அடையாளம் காணும் விதத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

பெயர்களில் உள்ள குழப்பம்

கரிசலாங்கண்ணி, கரிசாலை, கையாந்தகரை, கரிப்பான் என்ற பெயர்கள் பெரும்பாலும் வெள்ளைப் பூப் பூக்கும் செடியையே குறிக்கும். வயல் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் முளைக்கும் அந்தச் செடியின் தண்டை நசுக்கினால் சாறு சற்று நேரத்தில் கறுத்துவிடும். மஞ்சள் பூப் பூப்பது இதே சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்ததென்றாலும் தனி இனமாகும். பொன்னிறத் தலையை உடையதென்ற பொருளில் இதைப் பொற்றலைக் கையாந்தகரை என்றும் பொற்றலைக் கையான் என்றும் அழைப்பார்கள். வெள்ளைக் கரிசாலை பொதுவாக ஒரு பருவத்தோடு முடிந்து விதையிலிருந்து மீண்டும் வரும். மஞ்சள் கரிசாலையோ பல்லாண்டு வாழும் படர்கொடி. கணுவுக்குக் கணு வேர் விட்டு, ஒரு முறை நட்ட இடத்தில் ஆண்டுக்கணக்கில் நிற்கும். வளர்க்கும் முறையில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இதிலிருந்தே வருகிறது.

தாவரவியல் நூல்களில் இதை வெடெலியா சைனென்சிஸ், வெடெலியா காலெண்டுலேசியா என்ற பழைய பெயர்களிலும், 1996இல் வேறு பேரினத்துக்கு மாற்றப்பட்ட பிறகு ஸ்பாக்னெட்டிகோலா காலெண்டுலேசியா என்ற பெயரிலும் காணலாம். இந்தப் புதிய பேரினப் பெயருக்குச் சதுப்புப் பாசியில் குடியிருப்பது என்று பொருள். தோட்டக்காரருக்கு இதைவிட நல்ல குறிப்பு வேண்டியதில்லை. இந்தச் செடி ஈரத்தில் வாழப் பிறந்தது. இந்தியாவிலும் இலங்கையிலும் தொடங்கி மியன்மர், சீனா, ஜப்பான் வரையிலும் நீர் கசியும் தாழ்நிலங்களில் இது இயற்கையாகவே வளர்கிறது.

இலையைத் தொட்டுப் பார்ப்பது

பூவை மட்டும் பார்த்து முடிவு செய்பவர்கள்தாம் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். மஞ்சள் கரிசாலை, என் கொல்லையில் படர்ந்த அந்த அழகுக்கொடி ஆகிய இரண்டின் பூவும் சிறிய சூரியகாந்தியைப் போலவே இருக்கும். ஓரத்தில் எட்டு முதல் பன்னிரண்டு வரை இதழ் போன்றவை, நடுவில் பொடிப்பொடியான மஞ்சள் வட்டு. உண்மையில் நாம் ஒரு பூ என்று சொல்வது பல பூக்கள் கூடிய ஒரு கொத்து. ஓரத்தில் இதழாகத் தெரியும் ஒவ்வொன்றும் ஒரு தனிச் சிறுபூ. நடு வட்டில் உள்ள ஒவ்வொரு குழலும் இன்னொரு சிறுபூ. கைக்கண்ணாடி இருந்தால் நுனியில் இரண்டோ மூன்றோ பற்கள் போல வெட்டுப்பட்டிருக்கும் ஓர் ஓரப்பூவைப் பிய்த்துப் பார்க்கலாம்; அடியில் சூலகம் ஒட்டிக் கொண்டு வரும். பார்ப்பதற்கு அழகான இந்த அமைப்பு சூரியகாந்திக் குடும்பம் முழுவதற்கும் பொதுவானதால், நம் ஐயத்தைத் தீர்க்க உதவாது.

இலைதான் உதவும். மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலைகள் எதிரெதிராக, காம்பு இல்லையென்றே சொல்லும்படி தண்டோடு ஒட்டி நிற்கும். நீண்டு ஒடுங்கிய ஈட்டி வடிவில் இருக்கும். நீளம் பெரும்பாலும் ஒரு சுண்டு விரலுக்கு மிகாது; அகலம் அதில் மூன்றில் ஒரு பங்கு. ஓரம் ஏறக்குறைய மழுங்கலாகவோ, ஆங்காங்கே ஓரிரண்டு சிறு பற்களுடனோ இருக்கும். மேலும் கீழும் படிந்த குட்டை மயிர்களால் தடவிப் பார்க்கும்போது மெல்லிய உப்புத்தாளைத் தொடுவது போன்ற சொரசொரப்பு விரலுக்குத் தெரியும். வெயிலில் அது மின்னாது. பச்சை சற்று மங்கலாகவே தெரியும். பூ தனித்தனியாக, நீண்டு மெலிந்த காம்பின் நுனியில் இலைகளுக்கு மேலே எழுந்து நிற்கும்.

என் கொல்லையில் வளர்ந்திருந்த போலிக்கு ஸ்பாக்னெட்டிகோலா டிரைலோபாட்டா என்பது பெயர். சிங்கப்பூர் டெய்சி என்றும் வெடெலியா என்றும் நாற்றுப்பண்ணைகளில் சொல்வார்கள். சாலை நடுத்திட்டுகளிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் ஓரப் பாத்திகளிலும் தரையை மூட இதைத்தான் நடுகிறார்கள். இதன் இலை அகலமாகவும் தடிப்பாகவும் எண்ணெய் பூசியது போன்ற பளபளப்புடனும் இருக்கும். நடுவுக்கு மேலே இருபுறமும் பக்கத்துக்கொரு மடல் பிதுங்கி, இலை மூன்று மடல்களாகத் தோன்றும். இளந்தளிர்களிலும் நிழலில் வளர்ந்த கொடிகளிலும் இந்த மடல் தெளிவில்லாமல் போவதுண்டு. எனவே ஒரே இலையைப் பார்த்து முடிவு கட்டாமல், ஒரு கொடியில் முற்றிய இலைகள் பத்தையாவது பார்க்க வேண்டும். பூ சற்றுப் பெரிதாகவும் நிறம் சற்றே காவி கலந்தும் இருக்கும் என்றாலும், பக்கத்தில் இரண்டையும் வைத்துப் பார்க்காதவருக்கு இது பயன்படாத அடையாளம்.

இந்தப் போலி உலகின் மிக மோசமான நூறு ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இடம் பெற்றிருக்கிறது. தென் சீனாவில் இது உள்ளூர் மஞ்சள் கரிசாலையோடு கலந்து கலப்பினத்தையும் உண்டாக்கியிருப்பதாகத் தாவரவியலாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இதைக் கீரையாக உண்ணும் மரபு நம்மிடம் இல்லை. மருந்து நூல்கள் கரிசாலைக்குச் சொல்லும் குணங்களை இதற்கு ஏற்றிச் சொல்வதற்கும் அடிப்படை இல்லை. உங்கள் தோட்டத்தில் இது இருந்தால் கொடிகளை வேரோடு பிடுங்கிச் சிமெண்டுத் தரையில் போட்டுச் சருகாகும் வரை காய வையுங்கள். பச்சையாகக் குப்பைக் குழியிலோ வாய்க்கால் கரையிலோ எறிந்தால், ஒவ்வொரு கணுவும் ஒரு செடியாகும். என் கொல்லையை இதனிடமிருந்து மீட்க எனக்கு ஓராண்டுக்கு மேலாயிற்று.

தலைவெட்டிப் பூண்டு, தாத்தா பூச்செடி, வெட்டுக்காயப் பூண்டு என்றெல்லாம் அழைக்கப்படும் செடியையும் சிலர் கரிசாலை என்று பறித்து வந்துவிடுகிறார்கள். அதன் பூவில் நடு வட்டு மட்டுமே மஞ்சள். சுற்றியுள்ள ஐந்தாறு இதழ்கள் வெளிறிய வெண்மையாக இருக்கும். இலையோரம் ஆழமான பற்களோடு இருக்கும். ஒரு முறை பார்த்துவிட்டால் மறுபடி தவறு நேராது.

நடவு

இதை விதையிலிருந்து வளர்க்க முயல்வது வீண் பொறுமை. கொடித்துண்டிலிருந்து வளர்ப்பதே எளிது. தாய்ச்செடியைக் கண்ணால் பார்த்துத் துண்டை எடுப்பதால் போலி வந்து சேரும் அபாயமும் இல்லை. ஏற்கெனவே கீரையாகச் சமைத்து உண்டு வரும் ஒரு வீட்டிலிருந்தோ, மூலிகைப் பண்ணையிலிருந்தோ துண்டுகளைப் பெறுவது நல்லது. மிக இளசான நுனியையும் மிக முற்றிய அடித்தண்டையும் விலக்கி, நடுப்பகுதியிலிருந்து மூன்று அல்லது நான்கு கணுக்கள் உள்ளபடி அரையடிக்குச் சற்றுக் குறைந்த நீளத்தில் வெட்டிக் கொள்ள வேண்டும். அடியிலுள்ள இரண்டு கணுக்களின் இலைகளைக் கிள்ளிவிட்டு, அந்தக் கணுக்கள் மண்ணுக்குள் இருக்கும்படி சாய்வாக நட்டு, மண்ணை விரலால் அழுத்திவிட வேண்டும். துண்டிலேயே வெள்ளை வேர் முனைகள் தென்பட்டால் இன்னும் நல்லது; தரையில் படர்ந்த கொடியாக இருந்தால் பெரும்பாலும் தென்படும். நிழலில் வைத்து ஈரம் குறையாமல் பார்த்துக் கொண்டால், இரண்டு வாரத்துக்குள் கணுவில் புதுத் தளிர் வரும். அதற்கு முன் துண்டைப் பிடுங்கி வேர் விட்டிருக்கிறதா என்று பார்க்கும் ஆசையை அடக்கிக் கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டில் ஆடிக் கடைசியிலிருந்து ஐப்பசி வரை நடலாம். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் வேர் பிடித்துவிட்டால், கார்த்திகையில் கொடி பாத்தியை மூடிவிடும். பங்குனியில் நட்டவர்கள் வெயிலோடு போராடிக் களைத்துப் போவதைத்தான் பார்த்திருக்கிறேன்.

தொட்டி ஆழமாக இருக்க வேண்டிய தேவை இல்லை. அகலமாக இருக்க வேண்டும். வேர்கள் மேலோட்டமாகவே ஓடுவதால் ஒரு சாண் ஆழம் போதுமானது. ஆனால் கொடி ஓடிப் படர்ந்து கணுவுக்குக் கணு மண்ணைத் தொட இடம் வேண்டும். பழைய பிளாஸ்டிக் அன்னக்கூடை, உடைந்த குளியல் தொட்டி, நீளமான வளர்ப்புப்பை ஆகிய எதுவும் ஏற்றது. குறுகிய உயரமான தொட்டியில் நட்டால் கொடி விளிம்பைத் தாண்டித் தொங்கி, பார்க்க அழகாக இருக்கும். கீரை மட்டும் கிடைக்காது. மண் கலவைக்கு இரண்டு பங்கு வண்டலோ செம்மண்ணோ, ஒரு பங்கு நன்றாக மக்கிய தொழு உரம், ஈரத்தைப் பிடித்து வைக்க ஒரு பங்கு கழுவிய தென்னைநார்க் கழிவு என்ற அளவு எனக்குச் சரியாக வந்திருக்கிறது. தரையில் நடுவதாக இருந்தால், கிணற்றடி, கை கழுவும் தண்ணீர் வடியும் இடம், வாழையின் காலடி ஆகியவை இந்தச் செடிக்கென்றே அமைந்த இடங்கள். சோப்புத் தண்ணீரும் சாக்கடையும் சேரும் இடத்தை மட்டும் தவிர்த்துவிட வேண்டும். வாயில் போடப் போகும் இலை அல்லவா? செடிக்குச் செடி ஒரு சாண், வரிசைக்கு வரிசை ஓரடி என்ற இடைவெளி தாராளம்.

மாடித் தோட்டக்காரர்கள் இந்தச் செடியை இழப்பது பெரும்பாலும் தண்ணீர்ப் பற்றாக்குறையால்தான். காலையில் ஊற்றிய நீர் மொட்டை மாடி வெயிலில் பிற்பகலுக்குள் உலர்ந்து, இலைகள் துவண்டு, ஓரம் கருகத் தொடங்கும். இதற்கு நான் கண்ட தீர்வு எளியது. தொட்டியின் அடியில் அகலமான தட்டு ஒன்றை வைத்து, அதில் ஒரு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும்படி பார்த்துக் கொள்கிறேன். மற்ற கீரைகளுக்கு வேரழுகலைக் கொண்டு வரக்கூடிய இந்த முறை, சதுப்பில் வாழும் இதற்கு ஒரு தீங்கும் செய்வதில்லை. ஆனால் தேங்கிய நீரில் கொசு முட்டையிட்டு முதிர ஒரு வாரம் போதும் என்பதால், நான்கைந்து நாளுக்கு ஒரு முறை தட்டைக் கவிழ்த்துத் துடைத்துவிட்டுப் புது நீர் ஊற்ற வேண்டும். டெங்கு பரவும் மழைக்காலத்தில் தட்டையே எடுத்துவிடுகிறேன். அப்போது மழையே போதும்.

காலை வெயிலும் பிற்பகல் நிழலும் கிடைத்தால் இலை பெரிதாகவும் மென்மையாகவும் வரும். முழு வெயிலில் பூ அதிகம், இலை சிறிது; அடர் நிழலில் கொடி வெளிறி நீளும். கத்திரி வெயிலில் பாதி வெயிலை வடிகட்டும் நிழல்வலையைக் கட்டுவது கட்டாயம்.

உரம் அதிகம் கேட்காத செடி இது. ஒவ்வொரு அறுவடைக்குப் பிறகும் ஒரு கைப்பிடி மண்புழு உரத்தைத் தூவி, மாதம் ஒரு முறை நீரில் கலந்த பஞ்சகவ்யத்தையோ மீன் அமிலத்தையோ ஊற்றினால் போதும். பூச்சிகளில் அசுவினியும் மாவுப்பூச்சியும் எப்போதாவது நுனித் தளிரில் கூடும். அந்த நுனிகளை வெட்டி எறிந்துவிடுவதே வேப்பெண்ணெய்க் கரைசலைவிட விரைவான வழி. ஈரப் பாத்தியில் நத்தைதான் பெரிய தொல்லை. இரவில் டார்ச் விளக்கோடு போய்க் கையுறை அணிந்து பொறுக்குவதைத் தவிர இதற்கு எளிய வழியை நான் இன்னும் கண்டதில்லை.

அறுவடையும் அடுப்பும்

நட்ட இரண்டு மாதத்தில் முதல் அறுவடை செய்யலாம். இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளுவதைவிட, தரையிலிருந்து மூன்று விரற்கடை விட்டு நிமிர்ந்த தண்டுகளை மொத்தமாகக் கத்தரியால் வெட்டுவது செடிக்கு நல்லது. வெட்டிய இடத்துக்குக் கீழே இரண்டு பக்கத் தளிர்கள் கிளம்பி, அடுத்த மூன்று நான்கு வாரத்தில் பாத்தி மறுபடி நிறைந்துவிடும். வெட்டாமல் விட்ட செடி பூத்துக் கொண்டேயிருக்கும்; இலை சிறுத்து, தண்டு நாராகி, கொடியின் நடுப்பகுதி வெறுமையாகும். பூவின் அழகில் மயங்கிக் கத்தரியை எடுக்கத் தயங்குவதுதான் வளர்ப்பவர்கள் இதில் செய்யும் பெரிய தவறு. ஒரு மூலையில் மட்டும் தேனீக்களுக்கும் சிறு வண்ணத்துப்பூச்சிகளுக்கும் பூக்களை விட்டுவைத்தால் இரண்டு ஆசையும் நிறைவேறும்.

தரையோடு படரும் செடியாதலால் இலையின் சொரசொரப்பில் மண் ஒட்டியிருக்கும். அகலமான பாத்திரத்தில் நீர் நிரப்பி, இலைகளை அமிழ்த்தி அலசி, இலையை மேலே எடுத்த பிறகே நீரைக் கொட்ட வேண்டும். நீரை வடித்தால் அடியில் தங்கிய மண் மறுபடி இலையில் ஏறிக்கொள்ளும். மூன்று முறையாவது இப்படி அலச வேண்டும். பச்சையாக வாயில் போட்டால் உறுத்தும் சொரசொரப்பு வெந்த பிறகு தெரியாது. பொடியாக நறுக்கி, முக்கால் வேக்காட்டில் இருக்கும் பாசிப்பருப்பில் சின்ன வெங்காயம், பூண்டு, ஒரு பச்சை மிளகாயோடு சேர்த்து, மூடாமல் ஐந்தாறு நிமிடம் வேகவிட்டு மத்தால் கடைந்து, நெய்யில் சீரகம் தாளித்துக் கொட்டினால் சோற்றுக்கு ஏற்ற கடையல் தயார். கசப்பு சிறிதளவே இருக்கும். அதுவும் பிடிக்காதவர்கள் முதல் தடவை பாதிக்குப் பாதி சிறுகீரை கலந்து கொள்ளலாம். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் சாப்பிடுவது இதை நறுக்கிப் போட்ட அடையைத்தான். மிளகு, புளி, தேங்காய் சேர்த்து அரைத்த துவையலும் நன்றாகவே இருக்கும்.

பொடியாக வைத்துக் கொள்ள விரும்புவோர், அலசிய இலைகளை ஈரம் போகத் துணியில் ஒற்றியெடுத்து, காற்றோட்டமுள்ள நிழலில் பரப்பி, கையால் நொறுக்கும்போது சட்டென உடையும் வரை காயவைத்து அரைத்துச் சலித்து வைக்க வேண்டும். மழைக்காலத்தில் இது சரியாகக் காயாது, பூசணம் பிடித்துவிடும். தை, மாசிதான் ஏற்ற காலம். பொற்றலைக் கையாந்தகரை இலையோடு தூதுவளை இலை, முசுமுசுக்கை இலை, சீரகம் ஆகியவற்றைச் சேர்த்துச் சூரணமாக்கி, நீர் கலந்த பசும்பாலில் நாட்டுச் சர்க்கரையோடு காய்ச்சி அருந்தும்படி வள்ளலார் (1823–1874) கூறியிருக்கிறார். இன்று காலையில் காப்பிக்கு மாற்றாகப் பல வீடுகளில் இதைக் குடிப்பதற்கு அவருடைய அறிவுரையே மூலம்.

தலைக்குத் தேய்க்கும் எண்ணெய்க்கு, இலையைச் சிறிது நீர் தெளித்து அரைத்துப் பிழிந்த சாற்றையும் செக்கு எண்ணெயையும் சம அளவு எடுத்து, அடிகனமான பாத்திரத்தில் சிறுதீயில் காய்ச்ச வேண்டும். முதலில் பொங்கும், பிறகு சடசடவென்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் அடங்கும் நேரத்தில் அடியில் படிந்த கசண்டைக் கரண்டியால் எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தால் மெழுகு போல இருக்கும். அதைத் தாண்டி மணல் போல உதிரும் பதத்துக்குப் போனால் எண்ணெய் கருகல் வாசம் அடிக்கத் தொடங்கும். மெழுகுக்கும் மணலுக்கும் இடைப்பட்ட நேரம் ஓரிரு நிமிடந்தான். அப்போது தொலைபேசி அழைத்தாலும் அடுப்பை விட்டு நகரக் கூடாது. முடி கறுக்கும், கொட்டாது என்ற உறுதிமொழிகளை நான் தரமாட்டேன். குளிர்ச்சியாக இருக்கிறது, தூக்கம் வருகிறது என்பது மட்டும் என் அனுபவம்.

சித்த மருத்துவத்தில் காமாலைக்கும் கல்லீரல் நோய்களுக்கும் கரிசாலைக்குப் பெரிய இடமுண்டு. இந்தச் செடியிலுள்ள வெடெலோலாக்டோன் என்ற சேர்மத்தின் அமைப்பை 1956இல் கண்டறிந்து வெளியிட்டவர்கள், சென்னை மாநிலக் கல்லூரியில் பணியாற்றிய வேதியியலாளர் டி. ஆர். கோவிந்தாச்சாரியும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஆவர். செடியின் பழைய பேரினப் பெயரான வெடெலியாவிலிருந்தே சேர்மத்துக்கும் பெயர் வந்தது. ஆயினும் கண் மஞ்சளித்துவிட்டால் கொல்லைக்கு ஓடிக் கீரை பறிப்பது வைத்தியமாகாது. காமாலைக்குக் காரணங்கள் பல. அவற்றில் சில ஒரு வாரத் தாமதத்தைக்கூடப் பொறுக்காதவை. மருத்துவரிடம் காட்டி இரத்தப் பரிசோதனை செய்த பிறகு, அவரிடமே கேட்டுக் கீரையைச் சேர்த்துக் கொள்ளலாம். கருவுற்றிருப்பவர்களும் தொடர்ந்து மருந்து உண்பவர்களும் பொடியையும் சாற்றையும் தாமாகத் தொடங்கக் கூடாது. சாமந்தி, சூரியகாந்தி, பார்த்தீனியம் போன்ற செடிகளைத் தொட்டால் தோலில் அரிப்பு வருகிறவர்கள், அதே குடும்பத்தைச் சேர்ந்த இதையும் முதலில் கையுறையோடு தொடுவதே பாதுகாப்பு.

கொடி மூன்றாம் ஆண்டில் சோர்வடையும்; நடுப்பகுதி கட்டையாகி, அறுத்தாலும் தளிர் குறைவாகவே வரும். அதற்குள் இளங்கொடித் துண்டுகளைப் புதுத் தொட்டிக்கு மாற்றிவிட்டால் கீரை தடைப்படாது. ஒவ்வோர் ஆண்டும் மாசி முடிவதற்குள் ஐந்தாறு துண்டுகளைத் தனியாக ஒரு சிறு தொட்டியில் நட்டு, குளியலறைக்கு வெளியே நிழலில் வைத்துவிடுவேன். கோடையில் மாடித் தொட்டிகள் எல்லாம் காய்ந்து போன ஓர் ஆண்டு, மறுபடி தொடங்க அதுதான் கைகொடுத்தது. அக்கம்பக்கத்தார் கேட்டால் துண்டுகளோடு பூவும் முற்றிய இலைகளும் உள்ள ஒரு முழுக் கொடியையும் சேர்த்துக் கொடுத்து, வாங்கியவுடன் அந்த இலையை விரலால் தேய்த்துப் பார்க்கச் சொல்கிறேன்.